தூதுவளை இலையின் அடிப்பக்கம்

மூலிகை வாங்கும் நிறுவனத்தில் களப்பணியாளர் என்றால், நாள் முழுக்க இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்க்கிற வேலை. குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்ட சக ஊழியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இவை நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம், குடவாசல் பக்கம் நடந்தவை.

நல்ல பூச்சி

மாலதியக்காவின் அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். அக்கா தன் பேரில் வாங்கிய ரெண்டு மா கொல்லை, அதாவது முக்கால் ஏக்கருக்கும் குறைவான நிலம், வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேடு. நெல்லுக்கு ஆகாது என்பதால், எங்கள் பேச்சை நம்பித் தூதுவளை போட்டிருந்தார். முதல் அறுப்புக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் மஞ்சள் மஞ்சளாக, நிற்க வைத்த மாதிரி பொடி முட்டைகள். "நசுக்கிடவா சார்?" என்றார்.

எனக்குப் பயிற்சி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "ஐயோ வேண்டாங்க்கா, இது பொறிவண்டு முட்டை. சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சி" என்று தடுத்துவிட்டேன். அந்தச் செடியில் ஓர் அசுவினிகூட இல்லை என்பதை நான் பார்க்கவில்லை. அதே மாதிரி மஞ்சள் முட்டை வைக்கிற, இலையைத் தின்கிற புள்ளி வண்டு ஒன்று உண்டு என்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் காலை ஃபோன் வந்தது.

"சார், உங்க நல்ல பூச்சி என் கொல்லையைத் திங்க ஆரம்பிச்சிடுச்சு."

முள்

போய்ப் பார்த்தால், கிழக்கு ஓரத்தில் நாலு வரிசை இலையும் சல்லடை. அடிப்பக்கத்தில் உடம்பெல்லாம் கிளை கிளையாக முள் வைத்த மஞ்சள் புழுக்கள், பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டிருந்தன. "தப்பா சொல்லிட்டேங்க்கா" என்றேன். குத்தகை வயலில் நெல்லுக்கு அடித்த மருந்து அக்கா வீட்டில் மிச்சம் இருந்தது. "அடிச்சா ஒரே நாள்ல போயிடும். ஆனா குழந்தைங்க இருமலுக்குக் குடிக்கிற இலையாச்சே" என்று அவரே சொல்லி, அவரே வேண்டாம் என்று முடிவு செய்தார்.

மிச்சம் இருந்த வழி, கையால் பொறுக்குவது. அக்கா, அவர் தங்கச்சி ராணி, நான், மூன்று பேரும் சோப்புத் தண்ணீர் வாளியோடு இறங்கினோம். தூதுவளைக்குத் தண்டில் முள், காம்பில் முள், இலையில்கூட முள். மத்தியானத்துக்குள் என் விரலெல்லாம் ரத்தப் பொட்டு. நான் கையை உதறுவதைப் பார்த்து ராணி சொன்னார்:

"பரவாயில்ல சார், இனிமே எந்த முட்டையையும் மறக்க மாட்டீங்க."

பாட்டில்

ஒருமுறை பொறுக்கினால் தீராது. நாம் விட்ட முட்டை மறுபடி பொரிக்கும். "நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை பாருங்க, அதுதான் முட்டை பொரிக்கிற கணக்கு" என்று இந்தத் தடவை பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தே சொன்னேன். அக்கா தலையாட்டிக்கொண்டார். அடுத்த தடவை போனபோது, அடுப்படி ஜன்னலில் ஓர் ஊறுகாய் பாட்டில், வாயில் வேட்டித் துணி கட்டி. உள்ளே முட்டையோடு ஓர் இலை. பக்கத்துக் காலண்டரில் அது வைத்த தேதியைச் சுழித்திருந்தார். சித்திரை வெயிலுக்கு மூன்றாம் நாளே புழு வந்துவிட்டதாம். அவர் அதன்படியே மூன்று நாளைக்கு ஒரு தடவை இறங்கிக்கொண்டிருந்தார். கொல்லையில் புதிதாக ஒரு சல்லடை இலை இல்லை. நான் புத்தகத்தைப் பைக்குள் வைப்பதைப் பார்த்தார்.

"புத்தகத்துப் பூச்சி அஞ்சு நாள் பொறுக்கும் சார். எங்க ஊர்ப் பூச்சிக்கு அவ்வளவு பொறுமை இல்ல."

மூட்டை

கிழக்கு ஓரம் போக மிச்ச இலை நன்றாகவே வந்தது. நிழலில் காயவைத்து, எங்கள் நிறுவனத்திடம் சரக்கு எடுக்கிற, மன்னார்குடியில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் பாயிடம் நானே கொண்டுபோனேன். "எல்லாம் பார்த்தாச்சு பாய்" என்றேன். அவர் ஒரு பிடி அள்ளித் தாளில் கொட்டி, ஓர் இலையை என் பக்கம் தள்ளினார். அடியில் காய்ந்த கூட்டுப்புழு ஒன்று, கோந்து போட்டு ஒட்டினாற்போல. மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார். திருப்பி எடுத்துப்போனால் மாலதியக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது?

"இங்கேயே உட்கார்ந்து பார்த்துத் தர்றேன் பாய்" என்று கெஞ்சினேன். கடைப் பின்கட்டில் கோரைப்பாய் ஒன்றை விரித்துத் தந்தார். சாயங்காலம் வரை ஒவ்வோர் இலையாகப் புரட்டினேன். இன்னும் ஏழு கூட்டுப்புழு கிடைத்தன. எல்லாவற்றையும் எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார். டீயும் வந்தது. குடிக்கும்போது சொன்னார்:

"பூச்சி இருந்ததுக்குக் கோவிக்கல தம்பி. பார்க்காமலே பார்த்தாச்சுன்னீங்க பாருங்க, அதுக்குத்தான்."

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது கண் பார்வையைத்தான் சோதிக்கிறார்கள். "தெரியல, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்ல வாய் வருகிறதா என்பதையும் சோதித்திருந்தால், எனக்கு வேலையே கிடைத்திருக்காது.