நின்றுபோன புள்ளி

ஜெகதாப்பட்டினத்தில் சத்யாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஐஸ் பிளான்டில் டோக்கன் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள். வருகிறவன் எவ்வளவு அவசரப்பட்டாலும், கையில் இருக்கிற பக்கத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். "ஐஸ் உருகுதுக்கா" என்று கத்துவார்கள். "பக்கம் உருகாதுடா, இரு" என்பாள். வாரப் பத்திரிகை, நூலகத்துப் புத்தகம், பஜ்ஜி மடித்து வந்த காகிதம், எதையும் விட்டதில்லை.

அவள் புருஷன் அழகுமலை விசைப்படகு டிரைவர். இந்தக் கரையில் படகைச் செலுத்துகிறவனுக்கு டிரைவர் என்றுதான் பேர். அவனுக்குக் கீழே நாலு பேர். அதில் மூத்தவர் வீரய்யா, தலை நரைத்தவர், சத்யாவுக்கு மாமா முறை. வீரய்யாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணம் ஒருநாளும் வெறுமனே திரும்பாது. நாலு கருவாடாவது கிடக்கும். அதுவும் இல்லாத நாளில் ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் கொண்டுவந்து வைப்பார். வாங்கின ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்த வீட்டுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் கட்சி. சத்யா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருடம் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி செம்மல் அவளுக்கு ஒரு மின்புத்தகக் கருவி வாங்கி அனுப்பினான். கையகலம், மேலே தோல் உறை. மூடி வைத்தால் டைரி என்றுதான் நினைப்பார்கள். போன் திரை மாதிரி கண்ணைக் குத்தவில்லை. அதற்கென்று சொந்த வெளிச்சமே கிடையாது, வெளியிலிருந்து விழுகிற வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது, காகிதம் போல. படங்கள் கலரிலேயே தெரிந்தன. பளீரென்ற கலர் இல்லை, நாலு தடவை துவைத்த சேலையின் கலர். ஆனால் உச்சி வெயிலில் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"உள்ளார பொடிப்பொடியா நெறம் மெதக்குதுக்கா. பக்கம் திருப்பையில மட்டுந்தான் கரண்டு வேணும். வந்து நின்ன படத்துக்கு ஒண்ணும் வேணாம், அதுபாட்டுக்கு நிக்கும்" என்று போனில் விளக்கினான் செம்மல்.

அது எவ்வளவு உண்மை என்று ஒரு வாரத்தில் அவளுக்கே தெரிந்தது. ஒருநாள் பக்கத்தைத் தள்ளத் தள்ள நகரவில்லை. சார்ஜ் எப்போதோ செத்துப்போயிருந்தது. பக்கம் மட்டும் எதுவும் நடக்காதது போல நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆடி பிறந்த சமயம் படகில் இருந்த ஜி.பி.எஸ். பெட்டி பழுதாகி ரிப்பேருக்குப் போனது. படகு முதலாளி, "போன்ல பாத்து ஓட்டுங்கப்பா, பத்து நாளு" என்றார். கடல் வெயிலில் போனைப் பார்த்தால் எல்லை தெரியாது, தன் மூஞ்சிதான் தெரியும். அழகுமலை முனகிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சத்யாவுக்குப் பளிச்சென்று தோன்றியது. அந்தக் கருவியிலும் இடம் காட்டுகிற வசதி இருந்தது. தம்பியிடம் கேட்டுக் கேட்டுக் கடல் வரைபடத்தை அதில் இறக்கினாள். கடல் நீலம், எல்லை சிவப்புக் கோடு, படகு ஒரு கருப்புப் புள்ளி. நட்ட நடு வெயிலில் வாசலில் வைத்துக் காட்டினாள். அழகுமலை வாயைப் பிளந்தான்.

ஒரே ஒரு குறை. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் கருவி தூங்கிப்போகும், வரைபடம் மறைந்து ஒரு தாமரைப் பூப் படம் வந்துவிடும்.

"நான் வலையப் பாப்பேனா, ஒன் பூவப் பாப்பேனா? இத எடுத்து விடு."

சத்யா தேடிப் பிடித்தாள். கருவி தூங்கினாலும் அணைந்தாலும் கடைசிப் பக்கம் அப்படியே நிற்கட்டும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தாள்.

"சார்ஜு?"

"பதினஞ்சு நாளைக்குத் தாங்கும். ஒயரே வேணாம்."

பதினைந்து நாள் என்பது புத்தகம் வாசிப்பவளின் கணக்கு. புள்ளி நகர நகரப் படத்தை மாற்றி மாற்றி வரைந்தால், வானத்தைத் துழாவி இடம் தேடிக்கொண்டே இருந்தால், ஒரு நாளுக்கே மூச்சு வாங்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னாள் பாருங்கள், அதுதான் வினை.

அந்தச் சனிக்கிழமை விடியும் முன்னே போன படகு ஞாயிற்றுக்கிழமை திரும்பவில்லை. எல்லை தாண்டினார்கள் என்று அந்தப் பக்கத்துக் கடற்படைக்காரர்கள் படகோடு ஐந்து பேரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். துறைமுகத்தில் பெண்கள் கூடி அழுதார்கள். இந்த ஊருக்கு இது புதிதல்ல, அதனால் அழுகை குறைவதும் இல்லை. சத்யாவின் அழுகைக்கு மட்டும் இன்னொரு காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அழகுமலை ஒருதரம் பிடிபட்டு, இனி வந்தால் சிறை என்று எழுதி வாங்கிக்கொண்டு விடப்பட்டவன். இது இரண்டாவது தரம்.

மற்ற நாலு பேரையும் எச்சரித்து விடுவித்தார்கள். அழகுமலையின் வழக்கு மட்டும் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. தண்டனை இரண்டு வருடம் வரை போகலாம் என்றார் அங்கே அவர்களுக்காக வாதாடும் வக்கீல். மீனவர் சங்கத்தார் அவருடைய நம்பரை வாங்கித் தந்திருந்தார்கள்.

"ஒங்கட மனுசன் படம் பாத்துத்தான் ஓட்டினவராம், படத்தில படகு எல்லைக்கு ஒங்கட பக்கம் இருந்ததாம். எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை, தங்கச்சி" என்றார் சலிப்போடு.

என்ன நடந்தது என்று அந்த நொடியே சத்யாவுக்கு விளங்கிவிட்டது. நடுக்கடலில் எப்போதோ சார்ஜ் செத்திருக்கிறது. வரைபடம் அப்படியே நின்றிருக்கிறது. வலையை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகிற படகு, எதிர் நீரோட்டத்தால் நகரவில்லை என்று அழகுமலை நினைத்திருப்பான். சிவப்புக் கோட்டுக்கு நல்ல தூரத்தில் நின்ற புள்ளியை நம்பி, உயிரில்லாத படத்தை நம்பி, தாண்டியே போயிருக்கிறான். தாமரைப் பூ வந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பூவைப் பிடுங்கி எறிந்தவள் அவள்தான்.

இரண்டு நாள் அவளால் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. ஐஸ் பிளான்டுக்குப் போனாள், டோக்கன் கொடுத்தாள். பக்கத்தில் கிடந்த பத்திரிகையைத் தொடவில்லை. "படிச்ச பொம்பள, ஏதாச்சும் மனு எழுதும்மா" என்று ஒருவர் சொன்னபோது, எழுந்து போய் ஐஸ் அறைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படித்ததுதானே கெடுத்தது! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவள் வாயால் புருஷனல்லவா கெட்டான்.

வியாழக்கிழமை வக்கீலை அழைத்து எல்லாவற்றையும் கொட்டினாள். பூப்படம், பதினைந்து நாள், கடைசிப் பக்கம். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"தங்கச்சி, அப்பிடியெண்டா அந்தப் படம் இப்பவும் அதில நிக்குமோ?"

"நிக்கும் சார். சார்ஜ் போடாத வரைக்கும் நிக்கும். மேல மணியும் இருக்கும்."

"எத்தனை மணிக்கு எங்கே செத்ததெண்டு தெரியுமெண்டா, வேணுமெண்டு வரேல்ல எண்டு சொல்ல எனக்கு ஒரு பிடி கிடைக்கும். அது எங்கையெண்டு ஒங்கட மனுசனிட்டயே கேக்கிறன்."

சத்யா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சோறு தின்றாள்.

மறுநாள் சாயங்காலம் வக்கீலே கூப்பிட்டார். சிறையில் அழகுமலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். போன்களையெல்லாம் பறித்தவர்கள் அந்தக் கருவியைப் புத்தகம் என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். அது வீரய்யாவின் பையில் இருக்கிறது. ஆனால் விடுவித்த நாலு பேரும் அன்று காலையே விமானம் ஏறிவிட்டார்கள்.

"சார்ஜ் போடாதேங்கோ. படம் நிக்கிறபடியே ஒரு போட்டோ, ஒரு வீடியோ எடுத்து ஞாயிறுக்குள்ள அனுப்புங்கோ."

சத்யா அன்றிரவு எத்தனை நம்பருக்குப் போட்டாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வீரய்யாவிடம் போன் இல்லை, அது பறிபோயிருந்தது. மீன்வளத்துறை ஆபீசில் யாரோ எடுத்து, "சென்னையிலேருந்து வேன் ஏறிட்டாங்கம்மா, காலையில வந்துருவாங்க" என்றார். வேன் டிரைவரின் நம்பர் கேட்டாள். தெரியாது என்று வைத்துவிட்டார். கும்பிடாத சாமியில்லை. புருஷனைக் கொண்டு வா என்றுகூட வேண்டவில்லை. அந்தப் படம் நிற்கட்டும் என்று மட்டும் வேண்டினாள்.

காலை எட்டு மணிக்கு வேன் வந்தது. நாலு வீட்டுக்காரர்களும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். சத்யா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். வீரய்யா இறங்கினார். இளைத்து, தாடி வளர்ந்து, வேறு யாரோ போல இருந்தார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஒருத்தனை விட்டுவிட்டு வந்த கூச்சம்.

"தாயி, அவன் நல்லாருக்கான். தைரியமா இருக்கச் சொன்னான்."

"மாமா, அந்தப் பொஸ்தகம்?"

"இருக்கு தாயி. அத விடுவேனா? ஒன்னோட சாமானாச்சே." பையைத் திறந்து, துண்டில் சுற்றிய கருவியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அந்த முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு ஒரு சின்னப் பெருமை வந்தது.

"செத்துக் கெடந்துச்சு. ஒன் சாமானத்தை வெறுமையாக் கொண்டாந்து குடுக்கலாமா? மெட்ராஸ்ல தங்க வச்ச எடத்துல ஒரு பையங்கிட்ட ஒயர் வாங்கி, பகல் பூராச் சார்ஜ் ஏத்திட்டேன். ரொம்பிருச்சு. அவன் போடுற மாதிரியே கடல் படத்தையும் தொட்டு வச்சிருக்கேன், பாரு."

சத்யா உறையைத் திறந்தாள்.

நீலக் கடல் இருந்தது. சிவப்புக் கோடு இருந்தது. மேலே மூலையில் நூறு சதவீதம் என்று இருந்தது. கருப்புப் புள்ளி கடலை விட்டுக் கரையேறி, துறைமுகத்துக்குப் பக்கத்தில், அவள் நிற்கிற இடத்தில், எல்லையிலிருந்து வெகு பத்திரமான தூரத்தில் நின்றது. அந்தச் சனிக்கிழமை மணி எத்தனை, படகு எங்கே என்பதெல்லாம் எங்குமே இல்லை.

கத்த வேண்டும் போல இருந்தது. மண்ணில் விழுந்து புரள வேண்டும் போல இருந்தது. எதிரே வீரய்யா, குழம்புக் கிண்ணத்தில் கருவாடு போட்டுக் கொண்டுவந்து தருகிற அதே முகத்தோடு, ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். அவரை என்னவென்று திட்டுவது? வெறுமையாகத் தரக்கூடாது என்று நினைத்ததைத் தவிர அந்த மனுஷன் செய்த குற்றம் என்ன? அந்தப் பழக்கத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள், அது தன் தலையிலேயே வந்து விடியும் என்று கண்டாளா?

"நல்லது மாமா" என்றாள். "வீட்டுக்குப் போயி மொதல்ல சாப்புடுங்க."

அவர் போனார். அவள் வேனின் நிழலில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த திரையை விரலால் தள்ளிப் பார்த்தாள். பின்னாலே போனால் பழைய இடம் கிடைக்குமோ என்று தேடினாள். அந்த வரைபட ஆப்பில் போன தடத்தைச் சேமிக்க ஒரு பொத்தான் இருந்தது, அமுக்கப்படாமல். அதை அமுக்கிக் கொடுக்கவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

போன் அடித்தது. வக்கீல்.

"ஆக்கள் வந்திட்டினமோ தங்கச்சி? சாமான் கிடைச்சுதோ? படம் நிக்குதோ?"

சத்யா வெயிலில் திரையைச் சாய்த்துப் பார்த்தாள். வெயில் ஏற ஏறப் படம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"நிக்குது சார்" என்றாள். "ஊருக்கு வந்துட்டதாக் காட்டுது."