திருப்பிப் பார்க்கலாம், ஏறி உட்கார முடியாது

ஒரு லிங்க்கைக் காட்டுவதற்காக யாராவது வள்ளம் ஏறுவார்களா? போன மாசம் நானும் தங்கச்சி நஸ்மியாவும் ஏறினோம்… உச்சமுனைத் தீவுக்கு!

நஸ்மியா கரைத்தீவில் இருக்கிறாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்து வந்தபோது உம்மாவின் இடுப்பில் இருந்தவள். இப்போது அவளுடைய தொழில் போனில்தான். ஏதோ ஒரு கம்பெனியின் பொருளுக்கான லிங்க்கை வட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். அதை அமத்தி யாராவது வாங்கினால் அவளுக்குச் சின்னக் கமிஷன்.

இப்போது வருகிற லிங்க்குகள் வெறும் படம் இல்லை. விரலால் தள்ளினால் பொருள் சுழலும். நிறம் மாறும். போன் கேமராவைப் பிடித்தால் நம்முடைய வீட்டுக்குள்ளேயே அதை வைத்துப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரி ஒரு அலுமாரியை ரெண்டு மாசமாக வைத்து வைத்துப் பார்க்கிறா – வாங்கின பாடில்லை!

உச்சமுனையில் கருவாடு போடுகிற ஸ்டெல்லா அக்காவும் அந்தக் குரூப்பில் இருக்கிறா. அவவின் புருஷன் மரியதாஸ் அண்ணன் கடல் தொழில் செய்தவர். சீனி வருத்தத்தில் ஒரு கால் எடுத்தாயிற்று. ஆறு மாசமாக வீட்டுக்குள்ளேதான். நஸ்மியா போட்ட சக்கரக் கதிரை லிங்க்கைப் பார்த்துவிட்டு அக்கா வொய்ஸ் அனுப்பினா: “தங்கச்சி, இத எங்கட வீட்டில வச்சுப் பார்க்க எனக்குத் தெரியல்ல. நீ வந்து காட்டுறியா?”

போனோம்.

முற்றத்தைப் பார்த்து நஸ்மியா போனைப் பிடித்தாள். மணலின் மேல் கதிரை வந்து நின்றது. பளபளவென்று! அண்ணன் வாசலில் இருந்தபடி விரலால் தள்ளிச் சுழற்றினார். மடக்கினார். விரித்தார். ஆறு மாசத்துக்குப் பிறகு அவர் சிரிக்கிறார் என்றா அக்கா.

“எடுப்பம் தங்கச்சி, இதையே எடுப்பம்” என்றும் சொன்னா.

அப்போதுதான் அண்ணன் கேட்டார். “ஏன் தங்கச்சி, இது மணலில புதையல்ல?”

நஸ்மியா போனைப் பார்த்தாள். பிறகு மணலைப் பார்த்தாள். “படம்தானே அண்ணன். பாரம் இல்ல.”

“நான் ஏறினா பாரம் வருமே.”

கதிரை உருள்கிற சில்லு ரெண்டு விரல் தடிப்புத்தான். காலம் முழுக்க மணலில் வள்ளம் தள்ளியவருக்கு அது தெரியாதா?

ஸ்டெல்லா அக்காவின் விரல் ‘வாங்கு’ பட்டனுக்குக் கிட்டப் போயிருந்தது. நஸ்மியா போனை இழுத்துக்கொண்டாள். “வேணாம் அக்கா. இது சீமெந்துத் தரைக்குத்தான் சரி.”

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப இந்த மனிசன் உள்ளுக்கே கிடக்கிறதா? ஆசை காட்டத்தான் வள்ளம் ஏறி வந்தியா?”

திரும்பும் வழியெல்லாம் நஸ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “நான் போட்ட லிங்க்தானே ராத்தா. நான் மணல யோசிக்கல்லயே.”

பொருளை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுகிற லிங்க், அதை வாங்குகிறவர் எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அதை ஒரு மனுசர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நஸ்மியா மூன்று கிழமை தேடினாள். கடைசியில் பலூன் மாதிரி ஊதின சில்லோடு ஒரு கதிரை கிடைத்தது. அந்தக் கடையில் கமிஷனும் இல்லை, சுழற்றிப் பார்க்கிற வசதியும் இல்லை. மங்கலான ஒரே ஒரு போட்டோ. நஸ்மியா விடவில்லை. கடைக்காரருக்குக் கோல் எடுத்தாள். சிங்களத்தில் கெஞ்சினாள் – “மணலில ஓட்டி ஒரு வீடியோ அனுப்புவீங்களா?”

அந்த மனுசர் என்ன செய்தார் தெரியுமா? வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைப் பரப்பி, தானே கதிரையில் ஏறி உட்கார்ந்து, மனைவியைத் தள்ளச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பினார்! அவ மூச்சு வாங்குவதும் கேட்டது, ஏசுவதும் கேட்டது.

ஸ்டெல்லா அக்கா அதை நாலு தரம் பார்த்தா. “இவர் எங்கட ஆளவிடக் குண்டு. இவரத் தாங்கினா போதும்.” வெளியூரில் இருக்கிற மகன்மார் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தில் கதிரை வந்து இறங்கியது. நாங்களும் போயிருந்தோம். அண்ணன் ஏறினார். அக்கா தள்ளினா. சில்லு அமுங்கியது… ஆனால் புதையவில்லை. மேடான இடத்தில் ரெண்டு தரம் நின்றுவிட்டது. நஸ்மியாவும் நானும் கை கொடுத்தோம். அப்படியே தண்ணீர் ஓரம் வரைக்கும்!

அண்ணன் கடலைப் பார்த்தபடியே, “எல்லாரும் போங்க. நான் கொஞ்சம் தனிய இருக்கிறன்” என்றார்.

“ஆறு மாசமா நிமிசத்துக்கு ஒருக்கா என்னக் கூப்பிட்ட மனிசன். கதிரை வந்ததும் போகச் சொல்றார் பாருங்களன்!”

ஏசிக்கொண்டே, அவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டா ஸ்டெல்லா அக்கா.