டிஸ்க்குக்கு ஒரு பொட்டு

"தம்பி, என் சைக்கிள விக்கப் போறாராம் ஒங்க அத்தான். கொஞ்சம் வந்துட்டுப் போ லா!"

போன சனிக்கிழமை காலை, மங்கை அக்காவின் போன். ஈப்போவில் எங்களுக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான் அவள் வீடு. கையுறைத் தொழிற்சாலை வேலைக்குத் தன் மின்சார சைக்கிளில்தான் போய் வருகிறாள். யாரையும் எதிர்பார்க்காமல்!

சிக்கல் அவள் விரல்களில். பல வருட பேக்கிங் வேலை... காலையில் மடங்கவே மறுக்கின்றன. சைக்கிளிலோ கேபிள் இழுத்துப் பிடிக்கும் டிஸ்க் பிரேக். பலம் கொண்ட மட்டும் அமுக்க வேண்டும். தாமான் வாசலில் இறக்கம். அதன் அடியில் லாரி ஓடும் ரோடு. முந்தின நாள் ரோட்டோர வெள்ளைக் கோட்டைத் தாண்டித்தான் நின்றிருக்கிறாள். அத்தான் பார்த்துவிட்டார். விடுவாரா?

"இனிமே நான் காடியில கொண்டுபோய் விடுறேன். சைக்கிள் வேணாம்." வீட்டில் கார் நிற்கும் தைரியம்!

நான் போனபோது அக்கா சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பாதி பிரித்திருந்தாள். பக்கத்தில் ஹைட்ராலிக் பிரேக் செட். கேபிளுக்குப் பதில் குழாய், அதற்குள் எண்ணெய். லீவரை லேசாகத் தொட்டாலே போதும், எண்ணெய் தள்ளி பிரேக் பிடிக்கும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் வயர் இதில் பொருந்துமா என்று கடைக்காரரிடம் படம் அனுப்பிக் கேட்டே வாங்கியிருக்கிறாள்.

இவள் யார் தெரியுமா? சின்ன வயதில் சுங்காய் எஸ்டேட் செம்மண் ரோட்டில், பிரேக்கே இல்லாத சைக்கிளைச் செருப்பைத் தேய்த்து நிறுத்தியவள்!

"இதுவும் நிக்கலன்னா நானே வித்துடுறேன். போலே? சரிதானே?" என்றாள் அத்தானிடம். அவர் உம்மென்று தலையாட்டினார்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வலிக்கிற விரல்களை உதறி உதறி, மதியத்துக்குள் மாட்டி முடித்தாள். கை கழுவ உள்ளே போனாள்.

அத்தான் சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். புது சாமான் அல்லவா? லீவருக்கு ஒரு பொட்டு. பளபளத்த டிஸ்க் தகடு இரண்டுக்கும் தாராளமாக, விளக்கில் ஊற்றிய எண்ணெய் ஒட்டிய விரலோடு... நானும் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்!

அக்கா வந்ததும், சமமான சந்தில் வெள்ளோட்டம். பிரேக் பிடித்தாள். கிரீச்சென்று கத்தியதே தவிர, சைக்கிள் நிற்கவில்லை. எஸ்டேட் செருப்புதான் கைகொடுத்தது — சரக்கென்று தேய்த்து, பக்கத்து வீட்டு வேலியோரம் நின்றாள்.

"நாந்தான் தப்பா மாட்டிட்டேன் போல..." குரல் உடைந்துவிட்டது.

குனிந்து தகட்டைத் தொட்டாள். மஞ்சளாக, வழவழவென்று...

"என்னங்க இது?"

"சந்தனம்லா. ஒனக்கு ஒன்னும் ஆவக்கூடாதுன்னு..."

திட்டப் போகிறாள் என்று பயந்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்! "ஐயோ, அங்க எண்ண பட்டா வழுக்கும்லா!"

நம் ஆண்களின் அன்பே இப்படித்தானே? மனசு சுத்தம்... இடம்தான் தப்பு.

தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். தகட்டைக் கவ்வும், எண்ணெய் பட்ட பேட்களைக் கழற்றிவிட்டு, செட்டோடு உபரியாக வந்த புது பேட்களை மாட்டினாள். சந்திலேயே பலமுறை பிடித்துப் பார்த்தாள். அப்புறம் திரும்பியே பார்க்காமல் இறக்கத்துக்குப் போனாள்.

அத்தான் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். கீழே ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. கோட்டுக்கு இந்தப் பக்கமே, அலுங்காமல் நின்றது சைக்கிள். அக்கா கையைத் தூக்கி ஒரே ஒரு விரலைக் காட்டினாள்.

ஒற்றை விரலால் நிறுத்தியிருக்கிறாள், மகராசி!

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார்.

நல்லவேளை... அங்கே டிஸ்க் எதுவும் இல்லை!