வாடிக்குள் எடுத்த படம்

சல்லிக் கடற்கரையில் எனக்கு ஒரு வாடி இருக்கிறது. ஓலைக் குடில்தான். அதற்குள் உப்பு மூட்டை, கருவாடு அடுக்கும் பெட்டிகள், பழைய வலை, நான் குந்தியிருந்து மீன் வெட்டும் பலகை, இவ்வளவும் கிடக்கும். வெயில் ஏறினால் அதற்குள் இருந்து மத்தியானச் சோற்றைத் தின்பேன். பின்னேரம் காயப்போட்டதை அள்ளி உள்ளே வைத்துப் படலையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

வீடு அம்மன் கோயிலுக்குப் பின் தெருவில். கல்வீடு, ஓடு போட்டது, மூன்று அறை. என் மனுசன் கடலோடு போன பிறகு கருவாடு விற்று நானே கட்டினது. மகளுக்குக் கல்யாணம் பேசியபோது அந்த வீட்டைத்தான் சீதனமாக எழுதி, உறுதிப் பத்திரத்தை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். தாயும் அதே வீட்டில் ஓர் அறையில் இருப்பாள். என் அறை தெருப்பக்கம், பெரிய யன்னல் வைத்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்தது எல்லாம் வாடியை வீடென்று காட்டியதால் வந்த வினை.

போன தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வேட்பாளர் ஒருவர் கடற்கரைக்கு வந்தார். டவுனில் பெரிய கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கூட ஒரு கமராக்காரரும், கையில் இரண்டு போன் வைத்திருந்த ஒரு பெண்பிள்ளையும் வந்தார்கள். அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். வேட்பாளர் என்ன உடுப்பது, எங்கே நிற்பது, எந்தப் படத்தைப் போனில் போடுவது, எல்லாம் அவள் சொல்லித்தான் நடந்தது. அவரும் நல்ல பள்ளிப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டார். மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னாள், கழற்றினார். செருப்பைக் கழற்றச் சொன்னாள், கழற்றினார். மணல் சுட்டது. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் ஈரச் சாக்கு ஒன்றில் ஏறி நின்றுகொண்டார்.

அவர்கள் வந்த நேரம் கரைவலை இழுத்து முடிந்து மீனும் பிரித்தாயிற்று. அந்தப் பிள்ளைக்கோ அவர் வலை இழுக்கும் படம் வேண்டும்.

"வலை கரையில கிடக்கு தங்கச்சி, எதைப் பிடிச்சு இழுக்கிறது?" என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கேட்டார்.

"ஓராள் மற்ற நுனியப் பிடிச்சுக்கொண்டு தண்ணிக்குள்ள நில்லுங்கோ அண்ணா. கமராவில தெரியாது."

அப்படியே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேட்பாளர் கரையில் நின்று பல்லைக் கடித்து இழுத்தார். தண்ணீரில் நின்றவர் கத்தினார்: "ஐயா, மெல்ல! நான் மீன் இல்ல, விழுந்துபோவன்!" கரையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு என் வாடிக்கு வந்தார்கள். ஐயா என்னோடு இருந்து சாப்பிடப் போகிறார் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. வீடு தேடி வந்தவருக்குச் சோறு இல்லை என்று இதுவரை நான் சொன்னதில்லை. வாடி தேடி வந்தவருக்கும் அப்படித்தான். மகள் காலையில் ஆக்கித் தந்த சோறும் பாரைக் குழம்பும் இருந்தது. பாதியைப் பகிர்ந்து வைத்தேன்.

"ஆச்சி, அந்தச் சங்கிலியக் கொஞ்சம் சட்டைக்குள்ள விடுங்கோ. வெயிலுக்கு மின்னுது, கமராவுக்கு ஒத்துவராது."

நானும் அதை நம்பித் தங்கச் சங்கிலியை உள்ளே விட்டேன். என் பிழை அது ஒன்றுதான். அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர் நன்றாகச் சாப்பிட்டார், பொய் சொல்லக்கூடாது. சாப்பிட்டபடி கேட்டார்:

"எவ்வளவு காலம் அம்மா இந்தக் கரையில?"

"நாப்பது வருசம்."

"மழைக்கு இது ஒழுகாதோ?"

"வாடி எண்டால் ஒழுகத்தான் செய்யும் தம்பி."

"தனியவோ இருக்கிறீங்க?"

"ஓம், தனியத்தான். பின்னேரம் வீட்ட போயிடுவன்."

கைகழுவி, என் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எங்கே இவ்வளவு பெரிய மனுசன் இப்படி வந்து குந்துவான் என்று நான்கூட நினைத்தேன்.

இரண்டாம் நாள் பக்கத்து வாடி மச்சாள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எடியே மச்சாள், உனக்கு வீடு இல்லையாமெல்லே! எனக்கு ஒரு சொல்லுச் சொன்னியா?"

போனில் நான் இருந்தேன். பின்னால் சோகமாக ஒரு பாட்டு. நாற்பது வருடம் கடலோடு போராடிய இந்தத் தாய்க்கு இன்று கூரை இல்லை, தனிமையும் பழஞ்சோறும்தான் துணை, அந்தப் பழஞ்சோற்றைப் பகிர்ந்து உண்டார் கடலோர மக்களின் பிள்ளை என்று ஒரு குரல் சொன்னது. நான் "ஓம், தனியத்தான்" என்கிறேன். அதோடு வெட்டிவிட்டார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போவதாகச் சொன்னது இல்லை.

"தேர்தலில வெண்டால் ஐயா உனக்கு வீடு தருவாராம். மாடி வீடாக் கேள். கீழ எனக்கும் ஒரு அறை தா," என்றாள் மச்சாள்.

"உனக்குக் குசினி மட்டும்தான் தருவன்."

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது.

படத்துக்குக் கீழே ஆட்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், அதனால் மச்சாள் வாசித்தாள். முதலில் எல்லாம் பாவம், பாவம் என்றுதான் இருந்தது. பிறகு எங்கள் பகுதி ஆட்கள் வந்துவிட்டார்கள். வீடு பெண்பிள்ளைக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டை எழுதி வாங்கிவிட்டுப் பெற்ற தாயைக் கடற்கரையில் விட்ட மகள் யார் என்று ஒருவன் கேட்டிருந்தான். இன்னொருத்தி என் மகளின் பெயரைப் போட்டு, அவள் ரீச்சராக இருக்கிற முன்பள்ளி எது என்றும் எழுதியிருந்தாள்.

ஊருக்குள் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை. ஆனால் மகள் படிப்பிப்பது குச்சவெளிப் பக்கம், பஸ் ஏறிப் போகிற தூரத்தில். அங்கே எங்கள் வீட்டை யார் கண்டார்? ஒரு தாய் எல்லோருக்கும் முன்னால், "ரீச்சர், உங்கட அம்மா இப்ப எங்க இருக்கிறா?" என்று கேட்டாளாம். அடுத்த நாள் அவள் பிள்ளையை அனுப்பவில்லை. அதைப் பார்த்து இன்னும் இருவர் நிறுத்தினார்கள். மகள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டாள்.

"நான் விடிய எழும்பி ஆக்கின சோறு அம்மா," என்றாள். "அது பழஞ்சோறாம்."

ஏன் படத்துக்கு இருந்தீர்கள் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

நானும் மச்சாளும் பஸ் ஏறி டவுனுக்கு, அவருடைய ஒபிஸுக்குப் போனோம். சுவர் முழுக்க அவர் படம். சிரிக்கிறார், யோசிக்கிறார், குழந்தை தூக்குகிறார். எல்லாவற்றிலும் ஒரே பக்கம்தான் திரும்பியிருந்தார். மச்சாள் அதைக் கேட்டும் விட்டாள். ஐயாவுக்கு இடப்பக்கம்தான் நல்லது என்று போன்காரப் பிள்ளை சொன்னாள். எங்களைக் கதிரையில் இருத்திச் சோடாவும் தந்தாள். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"அந்தப் படத்த எடுத்துப்போடு பிள்ளை," என்றேன்.

"விளங்குது ஆச்சி. ஆனா இப்ப அழிச்சா கதை இன்னும் கூடும். பொய்ப் படம் போட்டிட்டு அழிச்சிட்டார் எண்டு மற்றக் கட்சி பிடிச்சுக்கொள்ளும். தேர்தல் முடியட்டும், கொஞ்ச நாள்தானே?"

"என்ர மகள் தேர்தலுக்குப் பிறகும் இந்த ஊரிலதான் இருக்கப்போறாள்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, அழிக்காமலே சரிக்கட்டலாம், ஐயாவை உங்கள் வீட்டுக்குக் கூட்டிவருகிறேன், வீட்டில் இருக்கிற மாதிரி இன்னொரு படம் போடுவோம் என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இதற்கிடையில் மற்றக் கட்சி ஆட்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வாடிக்கு வந்தார்கள். "என்னை ஏமாத்திப் படம் எடுத்தவர் எண்டு ஒரு வசனம் சொன்னாக் காணும் அம்மா," என்றார்கள்.

"நான் சொல்லுறது முழுக்கப் போடுவீங்களோ?"

"தேவையானதப் போடுவம்."

"அப்ப உங்களுக்கும் கத்தரிக்கோல் கிடக்கு. போயிட்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டு நான் சூடை மீனை வெட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வேட்பாளர் சொன்னபடி வீட்டுக்கு வந்தார். படலையைத் திறந்ததும் நின்றுவிட்டார்.

"அம்மா, இது உங்கட வீடோ?"

"நான் கட்டினது. இப்ப மகளின்ர."

அவர் முகம் கறுத்தது. வாடி என்றால் என்ன என்பது அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. அந்த முகத்தை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை. உள்ளே வந்து, மகளிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "பிழை நடந்துபோச்சுத் தங்கச்சி" என்றார். அதுவும் கமராக்காரர் ஆயத்தமாகும் முன்னம் நடந்தது. மகள் மனம் இளகி, தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் மகளும் கைபிடித்தபடி நிற்க, அவர் பக்கத்தில் நின்றார். அவருக்கு இடப்பக்கம் தெரியும்படி எங்களை இடம் மாற்றி நிறுத்தினாள் அந்தப் பிள்ளை.

அன்று பொழுதுபட முன்னம் படம் வந்துவிட்டது. மகளே எனக்கு வாசித்துக் காட்டினாள்: வாடியில் தனித்திருந்த தாயை மகளோடு சேர்த்து வைத்தார்.

முதற்படத்தில் மகள் என்று ஒரு சொல் இல்லை. ஆட்கள்தான் சொன்னார்கள். இந்தப் படத்தில் அவர்களே சொல்லிவிட்டார்கள். அவள் முகமும் தெளிவாகத் தெரிந்தது.

"ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிட்டுது அம்மா," என்றாள். "நானே தேத்தண்ணியும் குடுத்து ஒத்துக்கொண்டன்."

போன்காரப் பிள்ளைக்கு மருமகன் போன் எடுத்தார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை, கோபமாகக் கதைக்கத் தெரியாத மனுசன். ஐயாவுக்கு நல்ல பெயர், உங்களுக்கும் நல்ல பெயர், இதில் என்ன குறை என்று அவள் கேட்டிருக்கிறாள். நாலு நாளில் எங்கள் ஊர் மைதானத்தில் கடைசிக் கூட்டம், அதில் ஆச்சி மேடையில் ஐயாவுக்கு மாலை போட வேண்டும், கதைக்கத் தேவையில்லை என்றும் சொன்னாளாம்.

"போகவேண்டாம்," என்றாள் மகள். மச்சாளிடம் போய், கூட்டத்தையும் அப்படி வெட்டித்தான் போடுவார்களா என்று கேட்டேன்.

"இல்லயடி, கூட்டம் லைவ். நடக்கேக்கையே போய்க்கொண்டிருக்கும். வெட்ட ஏலாது. நீ தடக்கி விழுந்தாலும் உலகம் முழுக்கப் பாக்கும்."

"அப்ப எனக்கு அது காணும், போறன்."

கூட்டத்தன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏறினேன். மாலையைப் போட்டேன். அவர் குனிந்து என் காலைத் தொட்டார், சனம் கைதட்டியது. ஒலிவாங்கி அறிவிப்பாளரின் கையில் இருந்தது. "ரெண்டு சொல்லுச் சொல்லுறன் தம்பி," என்றேன். மேடையில் வைத்து ஒரு கிழவிக்கு மாட்டேன் என்று எவனால் சொல்ல முடியும்? தந்துவிட்டார்.

எனக்குப் பேச்சு எல்லாம் தெரியாது. பிடித்ததும் அது கீச்சென்று கத்தியது. கத்தி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாடி கருவாட்டுக்கு. நான் இருக்கிறது வீட்டில. அந்த வீடு நான் கட்டி மகளுக்குக் குடுத்தது. அவள் பிறந்த நாள் துவங்கி நானும் அவளும் ஒரே வீட்டுக்குள்ளதான். எங்களை ஒருத்தரும் பிரிக்கவுமில்ல, ஒருத்தரும் சேர்த்து வைக்கவுமில்ல. ஐயா சாப்பிட்டது என்ர மகள் அண்டைக்குக் காலமை ஆக்கின சோறு. இவ்வளவுதான்."

போன்காரப் பிள்ளை மேடைக்குக் கீழே இருந்து கமராக்காரருக்குக் கையால் என்னவோ காட்டினாள். அவர் என்ன செய்வார், படம் போய்விட்டது. வேட்பாளர்தான் முதலில் கைதட்டினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் தாய்! என்ர மேடையில நிண்டு என்ர பிழையச் சொல்ல இவவுக்கு உரிமை இருக்கு!" என்று உரத்துச் சொன்னார். மைதானம் இரைந்தது. அவர் அன்று வாங்கிய பெரிய கைதட்டு அதுதான். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை போன் எடுத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆச்சி, நாங்க போட்டதிலயே உங்கட பேச்சத்தான் கூட ஆக்கள் பாக்கிறாங்க. பழைய ரெண்டையும் எடுத்திட்டன், இனித் தேவையில்ல."

தேவையில்லை என்றுதான் எடுத்தாள், பிழை என்று அல்ல. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் வென்றார். நான் பேசியதால்தான் வென்றார் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள், பேசாவிட்டால் இன்னும் கூட வாக்கு எடுத்திருப்பார் என்கிறவர்களும் இருக்கிறார்கள். வாக்குச் சீட்டில் என் புள்ளடி யாருக்கு என்பதை நான் இன்னும் மச்சாளுக்கே சொல்லவில்லை.

மகள் திங்கட்கிழமை சேலை உடுத்தி முன்பள்ளிக்குப் போனாள். நான் அன்று கடற்கரைக்குப் போகவில்லை. அவள் திரும்பிவரும் பஸ் சத்தம் கேட்கும் வரை யன்னலோடு இருந்தேன். வந்து, சேலையில் குத்திய ஊசியைக் கழற்றியபடி சொன்னாள்:

"அண்டைக்குக் கேள்வி கேட்டவ இண்டைக்குப் பிள்ளையக் கூட்டிக்கொண்டு வந்தவ. உங்கட அம்மா நல்லாக் கதைக்கிறா ரீச்சர், எங்கட ரோட்டு விசயத்தையும் அவரிட்ட ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ எண்டவ."

"மன்னிப்பு ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்ல. பிள்ளைய விட்டிட்டுப் போயிட்டா."

"மற்ற ரெண்டும்?"

"அதுகளும் வந்ததுகள். ஒண்டு முழு நேரமும் என்ர மடியில இருந்துதான் படம் கீறினது."

நான் எழும்பிப் போய் அவளுக்குச் சோறு போட்டேன்.