அம்மா கேட்கச் சொன்ன கேள்வி

எங்கள் சபையில் இப்போது கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பச்சை குத்தலாமா, ராசிபலன் பார்க்கலாமா, நோன்புக் கஞ்சி கொடுத்தால் வாங்கிக் குடிக்கலாமா என்று கேட்ட வேகத்தில் புதிய பாஸ்டரின் குரலில் பதில் வந்து விழுந்துவிடுகிறது. கேட்டது யார் என்று எண்ணைப் பார்த்தாலே தெரிந்துபோகும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்படியில்லை. பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் உண்டியல் மாதிரி வாய் கீறிப் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெயர் போடாமல் உள்ளே போட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் டின்னைத் திறந்து, ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொல்லுவார்.

பாம்பனுக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊரே மாதா கோயிலைச் சேர்ந்தது. சபை என்பது ஊர்க் கடைசியில் தகரக் கூரை போட்ட கொட்டகை. முப்பது பேர் வந்தால் அன்றைக்குப் பெரிய கூட்டம். பாஸ்டர் சாயல்குடிப் பக்கத்துக்காரர். கடலை அவர் கரையில் நின்று பார்த்ததோடு சரி, வள்ளத்தில் ஏற்றினால் வாந்தி எடுத்துவிடுவார். சீடர்கள் வலை போட்ட கதையை அவர் விளக்குகிறபோது ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். ஆனால் மனிதர் நல்லவர். சீரியல் பார்ப்பது பாவமா, கொடியேற்றத்துக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்ட சோற்றைச் சாப்பிடலாமா, ஞாயிற்றுக்கிழமை காற்று வாகாக இருந்தால் தொழிலுக்குப் போகலாமா என்று எது வந்தாலும் வேதத்தைப் புரட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, பொறுமையாகப் பதில் சொல்லுவார். யாரையும் கேலி செய்யமாட்டார்.

கேள்வி கேட்பவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கை ஒத்துழைக்காது. பாசி எடுக்கக் கடலில் முங்குகிறவர்கள் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள், இருந்தாலும் பாறை கிழித்துவிடும். அந்த விரல்களால் பேனாவைப் பிடிக்க முடியாது. ஆகையால் சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கட்டுரைப் போட்டியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியிருந்தேன். அந்த டம்ளர் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவர்கள் சொல்லுவதை அப்படியே எழுத எனக்கு மனசு வராது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை, குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருசனைத் திருப்பி அடித்தால் பாவமா என்று கேட்கச் சொன்னாள். ஆராதனையில் வாசிக்கிற கேள்வியா இது என்று நினைத்து, குடும்ப சமாதானத்திற்கு மனைவி செய்ய வேண்டியது யாது என்று எழுதிக் கொடுத்தேன். பாஸ்டர் பொறுமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். வெளியே வந்த அக்கா, நான் கேட்டதென்ன இவர் சொல்றதென்ன என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அந்த வாரமும் அடி வாங்கினாள். எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. அவளுக்கு நல்ல தமிழ் புரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

அம்மா அதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவள் சபைக்கு வந்த காரணமே வேறு.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா கூட்டாளி ஒருவரோடு வள்ளத்தில் போனார். மதியத்துக்குமேல் காற்று திரும்பியது. மூன்றாம் நாள் கூட்டாளியின் உடல் கரை ஒதுங்கியது. வள்ளம் ஒரு மணல்தீவு ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. அப்பா மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் காணாமல் போனவர்களில் ஒன்றிரண்டு பேர் அக்கரையில் ஒதுங்கி, அங்கே சிறையில் கிடந்து, மாதக்கணக்கு கழித்து வீட்டுக்கு வந்ததும் உண்டு. அதனால் ஊரே அந்தச் சிறையைப் பற்றித்தான் பேசியது. நான் பள்ளிக்கூடத்தில், எங்கப்பா வெளிநாட்டு ஜெயில்ல இருக்காரு என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வருடம் போனது. அந்த வருடக் கல்லறைத் திருநாளில் மாதா கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அப்பாவின் பெயரும் வந்தது. பெரியப்பாதான் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா பூசையின் நடுவே எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அடுத்த ஞாயிறு நாங்கள் தகரக் கொட்டகையில் இருந்தோம். சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் கிடையாது, உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். அங்கே வாராவாரம், கடலுக்குப் போன எங்கள் சகோதரனைத் திரும்பக் கொண்டுவாரும் என்று பாஸ்டர் ஜெபித்தார். அம்மாவுக்கு அது போதும். மற்றபடி மாதாவைக் கும்பிடலாமா கூடாதா என்கிற வழக்கெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெரியப்பா வீட்டுக்கு வந்தார். உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. போட்டிருந்த சட்டை ஒன்றைக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்து, சிலுவை நட்டு, பூசை வைப்பார்கள். பெரியப்பா வாசலிலேயே நின்றபடி பேசினார்.

“அவன் சட்டை ஒண்ணு குடு தாயி. படுக்க எடமில்லாம எம் தம்பி எத்தன நாளைக்கி அலைவான்?”

ஞாயிற்றுக்கிழமை கழித்துச் சொல்லுகிறேன் என்றாள் அம்மா. போன வருடம் மாதிரி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எனக்கென்று பெரியப்பா வாங்கி வந்திருந்த கடலை மிட்டாயைத் தொடமாட்டேன் என்று மூலையில் வைத்தேன். மறுநாள் தின்றுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கடலிலிருந்து வந்து, குளித்து, விரல் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே என்னை நோட்டை எடுக்கச் சொன்னாள். அவளும் டின்னில் சீட்டுப் போடப் போகிறாள் என்றதும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்.

“எழுதுத்தா. அவுக கடலுக்குப் போயி ரெண்டு வருசம் ஆச்சு. தெனமும் திரும்பக் குடும், திரும்பக் குடும்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். இனிமே எனக்கு ஏலலை. இதோட நிப்பாட்டிக்கிட்டா கர்த்தர் கோவிச்சுக்கிடுவாரா? அவுகளுக்கு நான் துரோகம் பண்ணுனதா ஆயிருமா?”

அம்மா ஜெபத்தை நிறுத்தினால் அந்த நிமிடமே எங்கோ சிறையில் அப்பாவுக்கு மூச்சு நின்றுபோகும் என்று நம்பினேன். பெரியப்பாதான் இவள் மனசைக் கெடுத்துவிட்டார் என்று ஆத்திரமாக வந்தது. பத்து வயதில் என்னிடம் வேறு என்ன ஆயுதம் இருந்தது, பேனாவைத் தவிர? நான் எழுதினேன்: “கடலில் காணாமல் போன என் கணவர், விசுவாசத்தோடு இடைவிடாமல் ஜெபித்தால் உயிரோடு திரும்பி வருவாரா?”

எங்கே, வாசித்துக் காட்டு என்றாள். நான் சீட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதைச் சொன்ன மாதிரியே, ஏலலை என்றது முதற்கொண்டு ஒப்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினாள். அன்றைக்கு அவள் கொஞ்சம் அதிகமாகவே சோறு சாப்பிட்ட மாதிரி எனக்கு ஞாபகம்.

ஞாயிற்றுக்கிழமை டின்னில் ஏழெட்டுச் சீட்டுகள் இருந்தன. எங்களுடையது மூன்றாவதாக வந்தது. பெயர் போடாவிட்டால் என்ன, சபையில் கடலுக்குப் புருசனைக் கொடுத்தவள் ஒருத்திதானே. மொத்தக் கொட்டகையும் திரும்பி அம்மாவைப் பார்த்தது. பாஸ்டர் சீட்டை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். இன்று யோசித்துப் பார்த்தால், அந்த மனிதருக்கும் பதில் தெரிந்திருக்கவில்லை. ஒரு பெண் முப்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு என் புருசன் வருவாரா என்று கேட்டால், வரமாட்டார் என்று சொல்ல எந்தப் போதகருக்கு வாய் வரும்? மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்தவரைப் பற்றிச் சொன்னார். கல்லறையில் நாலு நாள் கிடந்து எழுந்து வந்தவரைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது, குரல் ஏறியது.

“வருவார்னு விசுவாசிங்க சிஸ்டர். நிப்பாட்டாதீங்க. அழாதீங்க. அழுதா அது அவிசுவாசம்.”

கொட்டகை முழுக்க ஸ்தோத்திரம் என்று கை தட்டியது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். அம்மா மட்டும் அசையவில்லை. அவள் பாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை, டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது சீட்டு, ஐந்தாவது சீட்டு என்று ஒவ்வொன்றையும் எடுக்கும்போது கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கடைசியில் பாஸ்டர் டின்னைக் கவிழ்த்துத் தட்டி, அவ்வளவுதான் என்று மூடினார். எனக்குள் சந்தோசம் பொங்கியது. பாஸ்டர் எப்போதும் கேள்வியைத் தன் பாணியில் மாற்றித்தான் சொல்லுவார், அம்மா அப்படித்தான் நினைத்துக்கொள்ளுவாள் என்று தைரியமாக இருந்தேன்.

வெயிலில் மணலில் நடந்து வந்தோம். வீட்டை நெருங்கும்போது அம்மா நின்றாள்.

“ஏத்தா, அப்பா வரணும்னு இன்னும் கேட்டுக்கிட்டா இருக்க?”

தினமும் கேட்கிறேன் என்றேன். அது உண்மைதான். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, கேப்போம் என்றாள். பாஸ்டரின் பதில் வேலை செய்துவிட்டது என்று நான் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

சட்டை கிடைக்காது என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தம்பியின் சட்டையைப் புதைக்காமலே சில வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். அம்மா விடிவதற்கு முன்னால் எழுந்து, முழங்கால் போட்டு, வாய்விட்டு அப்பாவின் பெயரைச் சொல்லித் திரும்பக் குடும் என்று கேட்டுவிட்டுத்தான் கடலில் இறங்குவாள். வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தாள். கல்யாண வீட்டில் இவளை முன்னே நிறுத்துவதா பின்னே நிறுத்துவதா என்று ஆட்கள் தயங்குவதைப் பார்த்துப் பார்த்து, போவதையே விட்டுவிட்டாள். அப்பாவுக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வயதில் ஒரு மனுசி அழாமல் இருக்கத் தொடங்கினாள். என் கையெழுத்து செய்த காரியம் அது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்த டம்ளரைத் தூக்கிக் கடலில் எறிய வேண்டும் போலிருக்கும்.

போன வருடம் இராமநாதபுரத்தில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. எத்தனையோ வருடம் உப்புத்தண்ணீருக்குள் விழித்துப் பார்த்த கண். கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில், அன்றைக்குச் சீட்டை நான் மாற்றி எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சாதாரணமாக, தெரியும் என்றாள். டின் காலியாகிற வரைக்கும் பார்த்தாளாம், அவளுடைய கேள்வி வரவேயில்லையாம்.

பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். பதினாறு வருடம், அம்மா.

“நான் நிப்பாட்டிட்டா நீ ஒத்தையிலல்ல காத்துக்கிட்டு இருப்ப. ஒனக்கா போதும்னு தோணி, ஏங்கிட்ட வந்து சொல்லுற அன்னைக்கி நானும் நிப்பாட்டிக்கிடுவோம்னு இருந்தேன்.”

நான் மருந்துச் சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை நேரத்தில், கணக்கில் பாஸாக வேண்டும் என்று ஜெபித்துவிட்டு எழுந்தபோதுதான் அப்பாவைக் கேட்காமல் விட்டதைக் கவனித்தேன். நாளைக்குச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். மறுநாளும் கேட்கவில்லை, அப்புறம் கேட்கவேயில்லை. அடுத்த அறையில் அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழத்தான் செய்தது. எழுந்து போய், நான் நிறுத்திவிட்டேன் அம்மா என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பதின்மூன்று வயதில் எனக்குத் தெரியவில்லை.