கிளியம்மாள் நம்பாத சாக்லேட்

கிளியம்மாளிடம் ஒரு பொருளை விற்றுவிட்டு வருவது திண்டிவனம் மார்க்கெட்டில் யாருக்கும் லேசான காரியமில்லை. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். சோப்பைப் பிரித்து முகர்ந்து பார்ப்பாள். எடை போடுகிறவன் கையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். இத்தனை சந்தேகமும் அவளுக்குத் தொழிலிலிருந்து வந்தது. மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன்கூடையோடு வந்து இறங்கி, முந்தாநாள் ஐஸில் கிடந்த சங்கரா மீனை இப்போதுதான் கரையேறியது என்று கூசாமல் விற்கிறவள் அவள். தன் வாய் எப்படிப்பட்டது என்று தெரிந்தவள், ஊரார் வாயை மட்டும் எப்படி நம்புவாள்?

மருமகள் காயத்ரிக்கு ஆறாம் மாதம். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸம்மா, ரத்த அளவு ஒன்பதுகூட இல்லையே, இப்படியே போனால் பிரசவத்தைத் தாங்க மாட்டாளே என்று சொல்லி, தினமும் போடச் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார். கிளியம்மாளின் மகன் ராம்கி கடலுக்குப் போகிறவன். எந்த அலைக்கும் அசராதவனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

இந்தச் சேதி விழுப்புரம் வரைக்கும் எப்படிப் போனதோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேணி வந்து இறங்கினாள். வேணி கிளியம்மாளின் தங்கை மகள். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது வீடு வீடாகச் சத்துப் பவுடர் விற்கிறாள். பெரிய டப்பா ஒன்றையும், தங்கநிறக் காகிதம் சுற்றிய ஹெல்த் சாக்லேட்டையும் எடுத்து வைத்தாள். பேரீச்சையும் கேப்பையும் மல்லாட்டைக் கடலையும் போட்டுச் செய்ததாம். தின்னத் தின்ன ரத்தம் ஊறுமாம். அவள் தெருவில் ஒருத்திக்கு ஒரே மாதத்தில் கன்னம் சிவந்துவிட்டதாம்.

கிளியம்மாள் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் வீட்டு மனிதர்களை விசாரிப்பது, அப்புறம் பக்கத்துத் தெருக்காரியின் கதை, விலையைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருப்பது என்று எல்லாமே கூடையோரம் உட்கார்ந்து தான் தினமும் செய்கிற வித்தைதான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

"கேப்பையும் மல்லாட்டையும் நம்ம வூட்டுலயே கீது. அதுக்கு இன்னாத்துக்குத் தங்கக் காகிதம்?" என்றாள்.

வேணிக்கு முகம் சுண்டிவிட்டது. "பெரிம்மா, உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை? வூட்டுல ஒரு உசுரு வெளுத்துக்கினு போவுது. நீங்க இன்னும் நோட்டம் பாத்துக்கினு கீறீங்க."

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ராம்கி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேணி சாம்பிளுக்கு ஒரு சாக்லேட்டும் கொஞ்சம் பவுடரும் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை தாண்டியதும் கிளியம்மாள் சாக்லேட்டில் ஒரு துண்டையும் ஒரு சிட்டிகைப் பவுடரையும் அடுப்படி மூலையில் எறும்பு போகிற வழியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சாக்லேட்டை எறும்பு மொய்த்தது. வெறும் சர்க்கரை என்று தீர்ப்புச் சொன்னாள். பவுடரை எறும்பு சீண்டவில்லை. எறும்பே தொடாததை வாயும் வயிறுமாக இருக்கிறவள் குடிப்பதா என்று அதையும் தள்ளிவிட்டாள். மொய்த்தாலும் தப்பு, மொய்க்காவிட்டாலும் தப்பா என்று ராம்கி தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். அடுத்த மாதம் ரத்தம் பார்க்கிறவரைக்கும் மீனும் முருங்கைக்கீரையும் கேப்பைக் கூழும் கொடுப்பது, அப்போதும் ஏறாவிட்டால் வேணியிடமே வாங்கிவிடுவது.

ராம்கியிடம் கிளியம்மாள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மாத்திரை போட ஆரம்பித்த வாரத்திலேயே காயத்ரி கூச்சத்தோடு வந்து, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது அத்தை என்று சொல்லியிருந்தாள். கிளியம்மாளுக்குத் திக்கென்றது. செவுள் சிவந்திருந்தால் நல்ல மீன், கறுத்திருந்தால் உள்ளே அழுகல். இது அவள் ஆயுசு முழுக்க விரலால் தொட்டுப் பார்த்த உண்மை. போதாததற்குச் சும்மா கொடுத்த மாத்திரை, எந்தக் காலத்தில் செய்ததோ. அன்றைக்கே அட்டைகளைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகிவிட்டாள். காயத்ரி மறுபேச்சுப் பேசவில்லை. அதற்கு ஈடாகக் கிளியம்மாள் விற்கப்போகும் கூடையிலிருந்து நல்ல மீனாகப் பார்த்து அவளுக்கு எடுத்து வைத்தாள். அந்த மாதம் முழுக்க ஒருநாள்கூட ஐஸ் மீன் அவள் தட்டில் விழவில்லை.

மறுமாதம் மூவருமாகப் போனார்கள். ரத்தம் ஏறவில்லை. ஏழுக்கு இறங்கியிருந்தது.

அப்போதே வாங்கியிருக்கலாம் என்று ராம்கி பொருமினான். பையிலிருந்து சாக்லேட் காகிதத்தை எடுத்து நர்ஸம்மாவிடம் நீட்டி, இதை வாங்கலாமா என்று கேட்டான். அவர் திருப்பிப் பார்த்தார். முதலில் போட்டிருப்பதே சர்க்கரைதான், கேப்பை பேருக்குத்தான் இருக்கிறது, ஆசைக்கு ஒன்று தின்னலாம், ரத்தம் ஊறும் என்று நம்பி வாங்க வேண்டாம் என்றார். கிளியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து மகனை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்புறம் நர்ஸம்மா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டார்.

காயத்ரி தலை நிமிராமல், மறந்து மறந்து போய்விட்டது என்றாள். நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதை மறப்பாயா, இனியும் ஏறாவிட்டால் விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், விளையாட்டா இது என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். காயத்ரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். கிளியம்மாள் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பொய் அவளுக்குப் புதுசுமில்லை. ஆனால் தனக்கு விழ வேண்டிய திட்டு அந்தப் பெண் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க நர்ஸம்மா. அவ மறக்கல. கறுப்பா போவுதுன்னு நான்தான் புடுங்கி வச்சிட்டேன்."

ராம்கி சட்டென்று திரும்பினான். அந்த மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும், அதில் பயமே இல்லை, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார் நர்ஸம்மா. ஊரில் எல்லோரையும் எல்லாவற்றையும் குடைந்து கேட்கிற கிளியம்மாள் இதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. நர்ஸம்மா காயத்ரியின் பக்கம் திரும்பி, படித்த பெண்தானே, உனக்காவது ஒரு சந்தேகம் வரவில்லையா என்று கேட்டார்.

"அத்தை சொன்னா நல்லதுக்குத்தான் இருக்கும்னு நெனச்சேங்க," என்றாள் காயத்ரி.

இத்தனை வருஷத்தில் கிளியம்மாளைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அவள் தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள். சொன்னவளின் உதட்டில் ரத்தமே இல்லை.