லோகு நீக்காத வரி

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். மரியாதைக்காகத்தான் கொஞ்சம் என்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் இருபத்திரண்டு வருஷம் பர்சனல் மேனேஜராக இருந்தேன். ஆள் எடுப்பதும் ஆளை அனுப்புவதும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மில்லை மூடியதும் குன்னூருக்கு மேலே இருக்கும் இந்தத் தனியார் சட்டக் கல்லூரியில் பிளேஸ்மென்ட் ஆபீசர் வேலை கிடைத்தது. மாணவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற வேலை. மலை ஏறி வந்து, இங்கிருப்பவர்களுக்கு உத்தியோகம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

முதல் நாள் அலுவலகக் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு பெண்மணி தரையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் பதினோரு ஜோடிக் கறுப்பு ஷூக்கள். பக்கத்தில் திறந்து கிடந்த பீரோவில் வரிசையாகக் கறுப்புக் கோட்டுகள், அந்துருண்டை வாசனை. இது ஆபீசா, சலவைக் கடையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கான்வாஸ் ஷூதான் இருக்கும் என்றும், படித்து முடித்துப் போகிறவர்கள் பழைய கோட்டையும் ஷூவையும் விட்டுப் போவார்கள் என்றும் சொன்னார். பிறகு என் காலைப் பார்த்து, "உங்களுதும் குடுங்க சார், போட்டுர்றேன்" என்றார். நான் கொடுக்கவில்லை.

அவர்தான் லோகேஸ்வரி. கல்லூரி முழுக்க லோகு. பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலையில் சேர்ந்தவர்கள். லோகு தபாலில் பி.காம். படித்து, டைப்பிங் கற்றுக்கொண்டு, ஒரு பாங்க் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். இன்டர்வியூ கடிதம் எஸ்டேட் ஆபீசுக்கு வந்து, அங்கே ஒரு மேஜையில் கிடந்து, இவர் கைக்கு வந்தபோது தேதி முடிந்து எட்டு நாளாகியிருந்தது. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை, எங்கள் அட்டெண்டர் முனியசாமி சொன்னது. கல்லூரிக்குத் தற்காலிக டைப்பிஸ்டாக வந்தவர், பதினோரு வருஷமாக இதே அறையில் இருக்கிறார். எனக்கு முன்னால் மூன்று ஆபீசர்கள் வந்து போயிருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து ஒரு மாணவனுக்குக் கடிதம் வந்தால் அவர் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்ட மாட்டார். வகுப்பு, ஹாஸ்டல், பஸ் ஸ்டாண்ட், எங்கே இருந்தாலும் தேடிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வருவார்.

அவர் வேலை செய்கிற விதம் எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. நான் பெரிய வக்கீல்களுக்கு ஆங்கிலத்தில் நீளமாக மெயில் அனுப்புவேன், பதில் வராது. லோகு வக்கீலிடம் பேசவே மாட்டார், அவருடைய குமாஸ்தாவுக்குப் போன் போடுவார். சென்னை, மதுரை, கோவை, சேலம் என்று எத்தனை குமாஸ்தாக்களை அண்ணா என்று கூப்பிடுகிறார் என்பதற்குக் கணக்கே இல்லை. கேட்பது மூன்றே கேள்வி. உங்க ஆபீஸில் ஜூனியர்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள்? பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பாத்ரூம் இருக்கிறதா? சீனியருக்குக் கோபம் வந்தால் கேஸ் கட்டைத் தூக்கி எறிவாரா?

ஒரு நாள் ஊரறிந்த ஒரு சீனியர் தானாக முன்வந்து இரண்டு மாணவிகளைக் கேட்டார். நான் துள்ளிக் குதித்தேன். லோகு ஒரு போன் பேசிவிட்டு, அங்கே வேண்டாம் என்றார். காரணம் கேட்டேன். குமாஸ்தா மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்தாராம். மூன்று மாதம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து நான்கு ஜூனியர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள் என்று கேள்விப்பட்டேன். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றாத கேள்விகள் அவை.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. கடைசி வருஷ மாணவர்கள் பயோடேட்டா எழுதும் முன்பு, ஒரு வெள்ளைத் தாளில், தமிழிலேயே, இதுவரை செய்த எல்லா வேலையையும் எழுதித் தர வேண்டும். அப்பாவின் கடையில் நின்றது, ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டை ஏற்றியது, சீசனில் டூரிஸ்ட் ஜீப்புக்கு ஆள் பிடித்தது, எல்லாம். பிறகு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பயோடேட்டாவைச் சரிபார்ப்பார். இல்லாததைச் சேர்க்க விடமாட்டார், இருப்பதை எடுக்கவும் விடமாட்டார். எனக்கு இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலையாகத் தெரிந்தது.

இந்த வருஷம் கீர்த்தனா என்ற மாணவி வந்தாள். அவளும் பந்தலூர் எஸ்டேட் பெண்தான். படிப்பில் முதல் ஆள், பேச்சில் அதைவிடக் கெட்டி. சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அவளுடைய பயோடேட்டாவில், பன்னிரண்டாம் வகுப்புக்கும் சட்டப் படிப்புக்கும் நடுவில், 'இரண்டு வருஷம் தேயிலைத் தோட்டத் தொழிலாளி' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். பளபளவென்று இருக்கிற கம்பெனிக்குக் கூடை சுமந்த கதையெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிக் கேட்டால் நுழைவுத் தேர்வுக்குப் படித்ததாகச் சொல் என்று அவளுக்குப் பாடமும் எடுத்தேன். அவள் தலையாட்டினாள். ஆபீசர் சொன்னால் தலையாட்டத்தானே செய்வாள்.

லோகு அச்சடித்த தாளைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "அது அவ செஞ்ச வேலைங்க சார். எடுக்க வேண்டாமுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஆள் எடுத்த காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் தன் மேஜைக்குத் திரும்பிப் போய்விட்டார். பயோடேட்டா நான் திருத்தியபடியே சென்றது.

கீர்த்தனா தேர்வானாள். கல்லூரி வரலாற்றிலேயே அப்படி ஒரு வேலை யாருக்கும் கிடைத்ததில்லை. நான் முனியசாமியை அனுப்பி எல்லாருக்கும் ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் என் சாமர்த்தியம் என்ற பூரிப்பு.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. சேரும் முன் பி.எஃப். விவரங்களைப் பதிவு செய்யப் போனால், கீர்த்தனா பெயரில் ஏற்கெனவே எஸ்டேட் வேலையில் எடுத்த பி.எஃப். எண் இருக்கிறது. பயோடேட்டாவில் அந்த வேலை இல்லை, இன்டர்வியூவிலும் வேறு சொல்லியிருக்கிறாள். உண்மையை மறைக்கிற ஒருவரைச் சட்ட நிறுவனத்தில் எப்படிச் சேர்ப்பது? வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் வேலை ரத்து. அதைப் படித்தபோது லோகுவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன்.

கீர்த்தனா அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஜூனில் அவள் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டை எஸ்டேட்டில் ஒப்படைக்க வேண்டும். சென்னையில் சின்னதாக ஒரு வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். இனி அம்மாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டாள். 

நான் உட்கார்ந்து ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். மாணவியின் கவனக்குறைவால் அந்த வரி விடுபட்டுவிட்டது, மன்னிக்கவும் என்ற பாணியில். லோகு அதைப் படித்துவிட்டு மேஜையில் திருப்பி வைத்தார். "அவ விடலைங்களே சார். நாமதான எடுத்தோம்" என்றார். 'நீங்கள்' என்று சொல்லவில்லை. அன்றும் நான் கத்தத்தான் செய்தேன், ஆனால் குரலில் பலமில்லை. அவர் வாதாடவில்லை. அந்த நிறுவனத்தில் கோப்புகளைப் பார்க்கும் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் தலைமை வக்கீல் ரேகா மேடத்திடம் பத்து நிமிஷம் நேரம் வாங்கிவிட்டார். என் கடிதத்துக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைத்திருக்குமா என்று கேட்டால், சத்தியமாகக் கிடைத்திருக்காது.

வெள்ளி காலை பதினொரு மணி. கம்ப்யூட்டர் முன்னால் நானும் லோகுவும். திரையில் ரேகா மேடம். நான் ஆங்கிலத்தில் தயார் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தி, நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னார். லோகு கீர்த்தனாவின் வெள்ளைத் தாளை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினார். பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பன்னிரண்டாவது முடித்த வருஷம் அம்மா சரிவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வீட்டிலிருந்து ஒருவராவது வேலைக்குப் போகாவிட்டால் லயத்து வீடு போய்விடும். அம்மாவுக்குப் பதிலாக என் பெயரைப் பதிந்தார்கள். அம்மா தேறி வேலைக்குத் திரும்பும்வரை இரண்டு வருஷம் கொழுந்து எடுத்தேன். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன்.

லோகுவின் குரல் கொஞ்சமும் தழுதழுக்கவில்லை. கோர்ட்டில் சாட்சியத்தைப் படிப்பது போலத்தான் படித்தார்.  அந்தத் தாளை நான் அதுவரை படித்ததே இல்லை.

ரேகா மேடம் அந்தத் தாளை மறுபடி கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னார். பிறகு, இவ்வளவு நல்ல விஷயத்தை அந்தப் பெண்ணே எடுத்தாளா என்று கேட்டார்.

"இல்லைங்க மேடம். அவ எழுதித்தான் குடுத்தா. ஆபீஸ்லதான் எடுத்தோமுங்க."

"ஆபீஸ்ல யாரு?"

எனக்கு வாய் வரவில்லை. ஐம்பத்து நான்கு வயது, இனி எங்கே போய் வேலை தேடுவது, பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இதெல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது.  லோகு என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நான் மேஜையைப் பார்த்தேன்.

"நாந்தானுங்க மேடம்" என்றார் லோகு.

கீர்த்தனாவின் வேலை அப்படியே இருக்கும் என்றார் ரேகா மேடம். ஆனால் இதைச் செய்தவர் இனிமேல் மாணவர்களின் விண்ணப்பங்களைத் தொடக் கூடாது, அதைப் பிரின்சிபாலுக்கு எழுதப் போகிறேன் என்றும் சொன்னார். திரை அணைந்தது.

பதினோரு வருஷமாக ஒரு பிள்ளையையும் இல்லாத ஒரு வரியைச் சேர்க்க விடாத பெண்மணி, எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டு மேஜையில் கிடந்த தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பெரிய மனிதர்களோடு பழகியவன். முதலாளிகள், மந்திரிகள், நீதிபதிகள். யாரைப் பார்த்தும் எழுந்து நிற்க வேண்டும் என்று எனக்கு உள்ளிருந்து தோன்றியதில்லை. அன்று தோன்றியது. நின்றேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்சம் பொறுத்துப் பாத்தேனுங்க சார். அதுக்கு மேல பொறுத்தா அந்தப் புள்ள மேல சந்தேகம் வந்துரும்."

அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கீர்த்தனாவுக்குச் சேதி சொல்ல அவர் குடையை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். மில்லில் எத்தனை பேருக்குக் கை நடுங்காமல் மெமோ கொடுத்திருப்பேன். என் பெயரை நானே சொல்ல அன்று அவ்வளவு பயம். கடைசியில் ரேகா மேடத்துக்குப் போன் போட்டு, அந்த வரியை எடுத்தது நான், பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் நான், லோகுவுக்கும் கீர்த்தனாவுக்கும் இதில் சம்பந்தமில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும் சார். மெயில்ல வந்த பயோடேட்டா கோப்புல, கடைசியா திருத்தினவர்னு உங்க பேரும் தேதியும் இருக்கு" என்றார் அவர். "நீங்க கூப்பிடுவீங்களான்னு பாத்துட்டு இருந்தேன். மெயில் இன்னும் அனுப்பல."

மூன்று மணிக்கு மெயில் வந்தது. பிரின்சிபாலுக்கு அனுப்பி, நகல் எனக்கும் போட்டிருந்தார். தவறு என்னுடையது என்று என் பெயரோடு இருந்தது. அதற்குக் கீழே, இந்தக் கல்லூரியிலிருந்து வரும் விண்ணப்பங்களில் இனி லோகேஸ்வரியின் கையெழுத்து இருந்தால் போதும், நாங்கள் வேறெதையும் சரிபார்க்கப் போவதில்லை என்று எழுதியிருந்தது. சென்னையில் பெரிய கல்லூரிகளுக்கே கிடைக்காத நம்பிக்கை அது. அச்சடித்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். சந்தோஷப்படுவார், கண் கலங்குவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

லோகு அதை இரண்டு முறை படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"அப்ப உங்களுக்கு வேல போயிருமாங்க சார்?"

கீர்த்தனாவுக்காகப் பயந்தபோது அவர் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. பிரின்சிபால் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னேன்.  அந்த முகத்தைப் பார்த்து அழுதுவிட்டேன்.